நான்காம் தூக்கத்தில் எழுதிய கதை

கண்ணு, நீ அனுப்பிய மூன்று மெசேஜையும் பார்த்தேன். நீலக் கோடு விழுந்தும் பதில் இல்லை என்று நீ நிவேதாவிடம் சொல்லியிருக்கிறாய் போல. அந்தப் பெண் வேறு, "அத்தை, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டு அனுப்பியிருக்கிறாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. பதில்தான் ஒரு வரியில் அடங்கவில்லை. போனில் சொல்லலாம் என்றால், "சரிம்மா, சரிம்மா, மீட்டிங் இருக்குது" என்று பாதியில் வைத்துவிடுவாய். உன்னைக் குறை சொல்லவில்லை, எனக்கும் போனில் பேச்சு ஓடுவதில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். தபாலில்தான் வரும். பெங்களூரில் உன் அபார்ட்மெண்ட் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள், நீ ஒரு வாரம் கழித்து வாங்குவாய். பரவாயில்லை. பதிமூன்று வருஷம் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் இன்னும் ஒரு வாரத்தில் ஊசிப்போகாது.

நீ கேட்டது இது. என் கதை நோட்டுகளை எல்லாம் கூரியரில் அனுப்ப வேண்டும். நீ ஆள் வைத்து டைப் செய்து, கல்யாணத்துக்குள் புத்தகமாக்கி, தாம்பூலப் பையில் தேங்காயோடு ஆளுக்கு ஒன்று போட்டுக் கொடுக்க வேண்டும். அட்டைக்கு நிவேதா வரைந்த படம்கூட வந்திருந்தது. பூட்டிய கதவு, அதற்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண். நன்றாகத்தான் வரைந்திருக்கிறாள், அவளிடம் சொல். புத்தகத்துக்குப் பெயரும் நீயே வைத்துவிட்டாய், 'சாவி இல்லாத மத்தியானம்' என்று. என் பதில், வேண்டாம். அந்தப் பெயரில் இருக்கிற கதை மட்டும் அல்ல, எதுவுமே வேண்டாம். தேங்காயும் வெற்றிலை பாக்கும் போதும். "ஏம்மா இப்படிப் பண்ற?" என்று குதிப்பாய். அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம். நிவேதாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படி. நம் வீட்டுக்கு வரப்போகிறவள், எப்படிப்பட்டவள் வீட்டுக்கு வருகிறோம் என்று தெரிந்துகொண்டு வரட்டும்.

நான் எங்கே உட்கார்ந்து எழுதினேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. பட்டுப்புழு ஷெட்டில்தான். உனக்கு அந்த ஷெட் என்றால் நாற்றம், மல்பெரித் தழை வெட்டு, ஞாயிற்றுக்கிழமை விளையாடப் போக முடியாத கோபம். எனக்கு அது வேறு. நிவேதாவுக்காகச் சொல்கிறேன், ஷெட்டுக்குள் வெளியாள் கால் வைக்கக் கூடாது. வாசலில் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறிய சாக்கு கிடக்கும். வீட்டு ஆட்களே அதை மிதித்துவிட்டு, கையையும் கழுவிக்கொண்டுதான் நுழைய வேண்டும். வேறு ஷெட்டுக்குப் போய்வந்த காலோடு யாராவது நுழைந்தால் நோய் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், மொத்தப் புழுவும் போய்விடும் என்ற பயம். என் கூடப்பிறந்த அண்ணனே வந்தாலும் வெளியே நின்றுதான் பேசிவிட்டுப் போவார், தப்பாக நினைக்க மாட்டார். கடத்தூர் சுற்று வட்டாரத்தில் ஒரு பொம்பளை கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்தால், "என்னாச்சு அவளுக்கு?" என்று நாலு பேர் எட்டிப் பார்க்காத இடம் அது ஒன்றுதான். அந்த இடத்தை நான் விட்டுவிடுவேனா?

ஆனால் இடம் இருந்தால் போதுமா, நேரம் வேண்டாமா? விழித்திருக்கிற புழு என்னை உட்கார விடாது. விடிந்தால் தழை, மத்தியானம் தழை, பொழுது சாய்ந்தால் தழை. தோலுரிக்கிற தூக்கத்தில் மட்டும்தான் அது தின்னாது. குஞ்சாக நம் கைக்கு வரும்போது இரண்டு தூக்கம் முடிந்திருக்கும். நம்மிடம் மூன்றாம் தூக்கம் ஒன்று, நான்காம் தூக்கம் ஒன்று. சுண்ணாம்புத் தூளைத் தூவிவிட்டால், தலையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளுக்குக் குறையாமல் அசையாமல் கிடக்கும். அந்த இரண்டு நாள்தான் எனக்கு. ஒரு பேட்ச்சுக்கு இரண்டு நாள். ஆபீஸ் போகிற உங்களுக்கு சனி, ஞாயிறு எப்படியோ, எனக்கு மூன்றாம் தூக்கமும் நான்காம் தூக்கமும் அப்படி. என் பதினொரு நோட்டும் புழு தூங்கின நேரத்தில் எழுதியவைதான்.

அதில் ஒரு சுகம் இருந்தது, இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். புழு தழை தின்கிற சத்தம் மழை பெய்கிற மாதிரி இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் ஏழெட்டு கதையில் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஒரு நாள் நிஜ மழை பெய்தபோது கேட்டுப் பார்த்தேன், துளிகூட ஒற்றுமை இல்லை, அந்த வரியை எல்லாவற்றிலும் அடித்துவிட்டேன். அந்தச் சத்தம் நின்ற பிறகு ஷெட்டில் ஓர் அமைதி வரும் பார், அதை இன்றுவரை என்னால் எழுத முடியவில்லை. சொம்பில் டீ, மடியில் உப்புக்கடலை, காரிமங்கலம் சந்தையில் வாங்கிய நீலப் பேனா, புது நோட்டின் முதல் பக்கம். முதல் வரி எழுதுகிற வரைக்கும் நான் ராணி. எழுதி முடித்து மறுநாள் படித்தால், பத்தாம் வகுப்புப் பிள்ளை பரீட்சைக்கு மனப்பாடம் செய்த கட்டுரை மாதிரி இருக்கும். "ச்சீ, இதுக்கா இவ்வளவு நேரம்?" என்று என்னையே திட்டிக்கொள்வேன். உங்கப்பா கண்ணில் ஒரு தடவை நோட்டு பட்டுவிட்டது. "என்னா, புழுவுக்கு ரேஷன் கார்டு எழுதுறியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை.

இலட்சியம் எல்லாம் வைத்திருந்தேன், தெரியுமா? வருஷா வருஷம் தினசரி காலண்டரின் பின்னட்டையில் எழுதி வைப்பேன். முதல் வருஷம், "பன்னிரண்டு கதை எழுதணும், ஒன்றாவது அச்சில் வரணும்" என்று. அடுத்த வருஷம் ஆறு கதை. அப்புறம் ஒரு கதை. அப்புறம் வெறுமனே "எழுதணும்". இந்த வருஷம் ஒன்றும் எழுதவில்லை, அந்த இடத்தில் உங்கப்பா மாட்டு டாக்டர் நம்பரை எழுதி வைத்திருக்கிறார். பத்திரிகைகளுக்கு அனுப்பினேன், தபால்தலை ஒட்டிய கவரும் சேர்த்து. பாதி திரும்பி வந்தது, பாதி அதுகூட வரவில்லை. ஒரே ஒரு தடவை வாசகர் கடிதம் பகுதியில் என் மூன்று வரி வந்தது, அதிலும் ஊர்ப் பெயரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். இப்போது உன் தயவில் போனிலிருந்தே அனுப்புகிறேன். "பெற்றுக்கொண்டோம், பரிசீலிக்கிறோம்" என்று உடனே பதில் வருகிறது. அதற்கப்புறம் வருவது ஒன்றும் இல்லை. ஐம்பத்து மூன்று வயசில் எனக்குப் புரிந்துவிட்டது, நான் எழுதுவது சுமார்தான். சமையல் சுமாராக இருந்தாலும் வீட்டில் தின்று தீர்த்துவிடுவீர்கள், கதை சுமாராக இருந்தால் யாருக்கு என்ன அவசியம்? இதைப் படித்துவிட்டு, "அப்படியெல்லாம் இல்லைம்மா" என்று உடனே போன் போடாதே.

பதினொரு நோட்டில் ஒரு கதை மட்டும் சுமார் இல்லை. அது எனக்கே தெரியும். உனக்கும் தெரிந்துதான் அதன் பெயரைப் புத்தகத்துக்கு வைத்தாய். வீட்டுக்காரனும் மாமியாரும் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், தன் வீட்டு வாசலிலேயே ஒரு பெண் மத்தியானம் பூராவும் சும்மா உட்கார்ந்திருக்கிறாள், வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்கு ஒரு வேலையும் இல்லை, கடைசியில் சாவி வந்த பிறகும் எழுந்து உள்ளே போக அவளுக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான் கதை. அதை எப்போது எழுதினேன் என்று இப்போது சொல்கிறேன்.

நீ தருமபுரியில் ஹாஸ்டலில் இருந்து பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த வருஷம். பள்ளிக்கூடம் திறந்த புதுசு, வெயில் இன்னும் குறையவில்லை. நான்காம் தூக்கம். உங்கப்பா காரிமங்கலத்தில் உன் அத்தை வீட்டு விசேஷத்துக்கு இரண்டு நாள் போயிருந்தார். போகும்போதே, "நாளைக்குக் காலைல முழிச்சிரும், தழைய நேரத்துக்குப் போட்டுரு, ஏமாந்துராத" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார். காலையில் தழையை வெட்டி, ஈரச் சாக்கு போட்டு மூடி ஷெட் ஓரத்தில் குவித்து வைத்தேன். போய்ப் பார்த்தபோது புழு விழிக்க ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்சம் விழிக்கட்டும், ஒன்றாகப் போட்டுக்கொள்ளலாம், அதுவரைக்கும் இந்த ஒரு பத்தியை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கண்ணு, அதுமாதிரி எனக்கு முன்னேயும் வந்ததில்லை, பின்னேயும் வந்ததில்லை. கை வலிப்பது தெரியவில்லை, பசி தெரியவில்லை, பேனா நிற்கவில்லை. நான் எழுதுகிறேன் என்றே தோன்றவில்லை, அந்தப் பெண் எனக்கு எதிரே உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். புழு இருக்கிறது என்பதே மறந்துபோய்விட்டது.

தோளைத் தொட்டு உலுக்கிய பிறகுதான் நிமிர்ந்தேன். ராஜம்மா அக்கா. உனக்கு ஞாபகம் இருக்கும், மேற்கால தெரு, நம் ஊரில் எல்லா ஷெட்டுக்கும் தழை வெட்டவும், கூடு கட்டப் பழுத்த புழுவைப் பொறுக்கி விடவும் போகிறவள். அவள் கை பட்டால் புழு நசுங்காது என்று ஆளாளுக்குக் கூப்பிடுவார்கள். வெளியே நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, நான் மயங்கிக் கிடக்கிறேனோ என்று பயந்து உள்ளே வந்திருக்கிறாள். வந்த அவசரத்தில் வாசல் சாக்கை மிதிக்கவில்லை. "என்னா தங்கச்சி, புழுவெல்லாம் பசியில அலையுது, மணி மூணாவுது, தழ போடலியா நீ?" என்றாள். நான் பேந்தப் பேந்த விழித்தேன். அவள்தான் மூடியிருந்த சாக்கை விலக்கித் தழையை அள்ளினாள், நானும் அள்ளினேன், இரண்டு பேருமாக ரேக் பூராவும் போட்டோம். உள்ளே இருந்த தழை சூடேறிப் புழுங்கிப்போயிருந்தது. கையில் பட்ட சூட்டிலேயே எனக்குத் தெரிந்தது. புதுசாக வெட்டி வந்து போட்டிருக்க வேண்டும். "பரவால்ல போடுக்கா, பசிக்கு எதுன்னாலும் தின்னும்" என்று சொன்னது நான்தான். அவள் போன பிறகு கதையின் கடைசி இரண்டு பக்கத்தையும் எழுதி முடித்தேன், அதையும் மறைக்கவில்லை.

நாலு நாளில் புழு துவள ஆரம்பித்தது. தழையைத் தொடவில்லை, கறுத்துப்போய்த் தொங்கியது, ஷெட்டில் நாற்றம் தாங்கவில்லை. பட்டு வளர்ச்சித் துறையிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். உங்கப்பா அப்போது தோட்டத்தில் இருந்தார். "பசியில கெடந்துட்டுப் புழுங்குன தழயத் தின்னுருக்குதும்மா, வயிறு கெட்டுப்போச்சு. வெளியில இருந்து வந்த நோயி இல்ல இது" என்று என்னிடம்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் உங்கப்பா வந்தார். ரேக்கைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கை நான் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தேன். "நான் இல்லாதப்ப யாருடி உள்ள வந்தது?" என்று கேட்டார். தழை போட்டாயா என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, தெரியாது. அவர் கேட்டது இதை. நான், "ராஜம்மா அக்கா வந்தாங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். கால் கழுவினாளா என்று கேட்டார், இல்லை என்றேன். இரண்டும் உண்மை.

அந்தப் பேட்ச்சை மொத்தமாக அள்ளிக் குழி தோண்டிப் புதைத்தோம். அந்த வருஷம்தான் ஹாஸ்டலுக்குக் கட்டப் பணம் இல்லாமல் உன்னை அங்கிருந்து கூப்பிட்டுக்கொண்டோம். விடியற்காலையில் எழுந்து கடத்தூரிலிருந்து தருமபுரிக்குப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வந்து பரீட்சை எழுதினாய். உன் மார்க் குறைந்ததற்கு உங்கப்பா உன்னைத் திட்டினபோது நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் உனக்கு அது ஒரு வருஷத்தோடு போயிற்று. ராஜம்மா அக்காவுக்குப் போகவில்லை. அவள் அதற்கு முந்தின வாரம் வேலை செய்த இன்னொரு ஷெட்டிலும் கொஞ்சம் புழு செத்திருந்ததாம். இரண்டையும் முடிச்சுப் போட ஊருக்குச் சொல்லித்தரவா வேண்டும்? ஒரு மாதத்தில் ஒரு ஷெட்டிலும் அவளைக் கூப்பிடவில்லை. யாரும் சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை, கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். கூப்பிடாதவர்களில் நானும் ஒருத்தி. அவள் களையெடுக்கவும் செங்கல் சூளைக்கும் போனாள். பிறகு ராசி இல்லாத கால் என்ற பேச்சு ஷெட்டைத் தாண்டி வீட்டுக்குள் வந்தது. விதைக்கிற அன்றைக்கு எதிரே வந்தால் முகத்தைத் திருப்பினார்கள். வளைகாப்பு என்றால் அவளுக்குச் சொல்லாமல் விட்டார்கள்.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பாய். முதலில் உங்கப்பாவுக்குப் பயந்தேன். பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயந்தேன். அந்தப் பயம் நாளுக்கு நாள் தானாகவே வளர்ந்துகொண்டது. இன்னொன்றும் உண்டு, அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. தழை போடாமல் கதை எழுதிக்கொண்டிருந்தேன் என்று தெரிந்தால் நோட்டும் பேனாவும் அத்தோடு போய்விடும். அந்த இரண்டு நாளையும் பிடுங்கிக்கொள்வார்கள். அதை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. ஒரு மனுஷியின் பிழைப்பைக் கொடுத்துத்தான் அந்த இரண்டு நாளைக் காப்பாற்றினேன். காப்பாற்றி என்ன கிழித்தேன்? சுமாரான கதைகள்.

இதையே கதையாக எழுதிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்து எத்தனை தடவை உட்கார்ந்தேன் தெரியுமா? மூன்று நோட்டு அதற்கே போயிற்று. ஒரு தடவை எழுதினால் அதில் வருகிற பெண் பாவம், வீட்டுக் கொடுமைக்குப் பயந்து பொய் சொல்கிறாள். இன்னொரு தடவை எழுதினால் ஒரே மாதத்தில் திருந்தி ஊர்க்கூட்டத்தில் ஒப்புக்கொள்கிறாள். இன்னொன்றில் ராஜம்மா மன்னித்துக் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். எப்படித் தொடங்கினாலும் பேனா என் பக்கமே சாய்ந்தது. நடந்ததை நடந்தபடி நாலு வரி எழுதக் கை வரவில்லை. எழுதத் தெரியாதவள் என்று எனக்கு நானே முடிவு கட்டியது பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பியதால் இல்லை, இதனால்தான். இந்தக் கடிதத்தில்கூட எங்கேயாவது எனக்குச் சாதகமாக ஒரு வார்த்தை நுழைந்திருக்கும். பார்த்தால் நீயே அடித்துவிடு.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஒன்று மட்டும் சொல்கிறேன். நிவேதாவுக்குப் படம் வரைய நேரம் வேண்டும் என்றால், அவள் கேட்கிறதுக்கு முன்னாலேயே கொடு. திருட்டுத்தனமாக நேரம் எடுத்துக்கொள்கிற நிலைமைக்கு அவளை விடாதே. திருடி எடுத்தவள் அதைக் காப்பாற்ற என்ன வேண்டுமானாலும் செய்வாள், நான் செய்தேன். நீயும் ஒன்றைப் பழகிக்கொள். நெஞ்சில் ஒன்று உறுத்தினால் அன்றைக்குச் சாயந்திரமே சொல்லிவிடு, சண்டை வந்தால் வரட்டும். மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று வைக்காதே.

போன வெள்ளிக்கிழமை உன் கல்யாணப் பத்திரிகை வைக்கக் கிளம்பினோம். தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம். கிழக்குத் தெரு முடிந்து மேற்கால தெருவுக்குத் திரும்பினதும் உங்கப்பா, "ராஜம்மா வூட்டுக்கும் வெக்கணுமா?" என்றார். "வெக்கணும். நீங்க வூட்டுக்குப் போங்க, நான் பாத்துக்கறேன்" என்று அவரை அனுப்பிவிட்டேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். என்னைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம். "தம்பிக்குக் கல்யாணமா! வா தங்கச்சி, உள்ள வா" என்று பாயை உதறிப் போட்டாள். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உன் வேலை, பெண் எந்த ஊர், என்ன படித்திருக்கிறாள், எல்லாம் கேட்டாள். பிறகு தானாகவே சொன்னாள், "கண்ணாலத்துக்கு மட்டும் நான் வரலம்மா, தப்பா நெனச்சிக்காத. தூரத்துல இருந்து வாழ்த்திக்கறேன். நல்ல காரியத்துல என் காலு எதுக்கு?" என்று. முகத்தில் வருத்தம்கூட இல்லை, கண்ணு. மழை வரும்போல, துணியை எடுத்து வை என்கிற மாதிரி சொன்னாள். ஊர் சொன்னதை அவளே நம்பிவிட்டாள். அது எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

"அக்கா, உங்க காலால ஒண்ணும் ஆகல" என்று ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். தழை போடாதது, புழுங்கின தழை, வந்து பார்த்தவர் சொன்னது, உங்கப்பா கேட்டது, நான் சொன்ன பதில். அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், முடியவில்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். பிறகு, "அரநாள் தழ போடலன்னா ஒரு ஷெட்டுப் புழுவும் சாவுமா? நான் எத்தன ஷெட்டு பாத்தவ. கால் கழுவாம வந்தது நானு, அது எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் என் வூட்டுலயும் ஒண்ணும் வெளங்கல பாரு, மூத்தவ புருஷன உட்டுட்டு வந்து நிக்கறா" என்றாள். இல்லக்கா, இல்லக்கா என்று நான் சத்தியம் செய்தேன். அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். "நீ எழுதிக்கிட்டு உக்காந்திருந்தத நான் இன்னிக்கு வரைக்கும் யாருகிட்டயும் சொல்லல, தெரியுமா? உன் வூட்டுக்காரரு திட்டுவாருன்னு" என்றாள். பதிமூன்று வருஷம். அந்த ஒரு வார்த்தையை அவள் வெளியே விட்டிருந்தால் போதும், அவள் தப்பித்திருப்பாள்.

சாயந்திரம் உங்கப்பாவிடமும் சொல்லிவிட்டேன். "இத இப்ப சொல்லி என்னா ஆவப்போவுது?" என்று கேட்டுவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு தழை வெட்டப் போய்விட்டார். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. ஊரில் நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். "கல்யாண வீட்டுல எல்லாரும் வரணும்னு நீங்க பெரிய மனசு பண்ணிச் சொல்றீங்க" என்கிறார்கள். அதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை.

அன்றைக்கு நான் கிளம்பும்போது ராஜம்மா அக்கா தெருமுனை வரைக்கும் கூட வந்தாள். கண் கலங்கியிருந்தது. "என் மனசு ஆறட்டும்னு எவ்ளோ அழகா ஒரு கத கட்டிக்கிட்டு வந்திருக்க. நீ எழுதுவன்னு தெரியும் தங்கச்சி, இவ்ளோ நல்லா எழுதுவன்னு எனக்குத் தெரியாது" என்றாள். இத்தனை வருஷத்தில் என் கதை ஒன்றைக் கேட்டு ஓர் ஆள் அழுதது அன்றைக்குத்தான். நோட்டுகளை அனுப்பவில்லை, எதிர்பார்க்காதே. நீ பத்து நாள் முன்னதாகவே லீவு போட்டுவிட்டு வா, வந்ததும் முதலில் அவள் வீட்டுக்குப் போ. நான் சொன்னது அத்தனையும் உண்மை என்று சொல். நீ கதை எழுதுகிறவன் இல்லை, உன்னை நம்பினாலும் நம்புவாள்.

அம்மா